மூடி போட்ட ஜீப்

அம்னாவுக்குப் பத்து வயது. பத்து வயதுக்காரிக்கும் 'அந்தக் காலம்' என்று ஒன்று உண்டு. அம்னாவின் அந்தக் காலம் போன நோன்புப் பெருநாளோடு முடிந்துபோனது.

அந்தப் பெருநாளுக்குப் பிறகுதான் வாப்பா ஜீப்புக்கு மூடி போட்டார்.

அதற்கு முன்பு ஜீப்பின் தலையில் இருந்தது ஒரு பழைய கென்வஸ் துணி. ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்ட துணி. மழை பெய்தால் ஒரு மூலையில் சொட்டும். அந்த மூலைக்குக் கீழே தம்பி அகீல் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். வெயில் அடித்தால் துணியைச் சுருட்டிக் கட்டிவிடுவார்கள். அப்போது கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஏறியதும் ஆற்றுக் காற்று வந்து உம்மாவின் ஷோலைப் பிடித்து இழுக்கும். வாப்பா மெதுவாகத்தான் ஓட்டுவார். வேகமாக ஓட்டினால் துணி பறந்து மகாவலியில் விழுந்துவிடும் என்று அவருக்குப் பயம்.

வாப்பாவின் பெயர் மஹ்மூத். கட்டுகஸ்தோட்டையில் அவருக்கு ஒரு ஹார்ட்வெயார் கடை. கடைக்கு மேலேயே வீடு, பக்கத்திலேயே பள்ளிவாசல். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கடைக்கு அரை நாள் லீவு. எல்லோரும் ஜீப்பில் ஏறி, வத்தேகமவில் இருக்கும் பஹீம் மாமா வீட்டுக்குச் சாப்பிடப் போவார்கள். பஹீம் மாமா உம்மாவின் தம்பி.

அந்த வழியில்தான் உம்மா கதை சொல்வார்.

வீட்டில் சொல்ல மாட்டார். கேட்டால், "அடுப்பில கறி ஈக்குது" என்பார். கறி இறங்கினால், "யூனிபோர்ம் அயன் பண்ண ஈக்குது" என்பார். ஜீப்பில் அடுப்பும் இல்லை, அயனும் இல்லை. கை இரண்டும் சும்மா இருக்கும். கை சும்மா இருந்தால் உம்மாவின் வாய்க்குக் கதை வந்துவிடும்.

உம்மா சின்ன வயதில் வத்தேகமவிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் ஸ்கூலுக்குப் போனவர். அதனால் அந்த ரோட்டில் வளைவுக்கு வளைவு அவரிடம் ஒரு கதை இருந்தது. இந்த வளைவில் பஸ் நின்றுபோய், பிள்ளைகள் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். கணக்கு டீச்சர் மட்டும் உள்ளே உட்கார்ந்துகொண்டு, "ஒண்டு, ரெண்டு, மூண்டு!" என்று எண்ணிக் கொடுத்தார். அந்தப் பலாமரத்தடியில் கண்டக்டரின் தொப்பி பறந்து, அவர் தொப்பியைப் பிடிக்க ஓட, பஸ் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. எல்லோருக்கும் அன்று ஓசிப் பயணம்.

கடைசியாக உம்மா தொடங்கியது பெரிய மேளத்தின் கதை.

"அண்டைக்கு விளையாட்டுப் போட்டி. எங்கட ஸ்கூல் பேண்ட்ல பெரிய மேளம் அடிக்கிறது என்ட கூட்டாளி பரிமளம். மேளத்த பஸ்ஸுக்கு மேல கட்டி வச்சாச்சு. இந்த இறக்கத்தில வரக்கொள்ள கயிறு அறுந்திட்டு! மேளம் ரோட்டில விழுந்து, டம் டம் டம்மெண்டு உருளுது. பரிமளம் பஸ்ஸால பாஞ்சு பின்னால ஓடுறா. அந்த நேரம் பாத்து எதிர்ல..."

அந்த நேரம் பார்த்து அகீலுக்கு மூத்திரம் வந்துவிட்டது. ஜீப்பை நிறுத்தி, அவனை இறக்கி, ஏற்றி, கை கழுவ வைத்து முடிந்தபோது, கதை எங்கே நின்றது என்று எல்லோருக்கும் மறந்துவிட்டது. அம்னாவுக்கு மட்டும் மறக்கவில்லை.

"மிச்சம் வாற கிழமை" என்றார் உம்மா.

வந்த கிழமை ஜீப்புக்கு மூடி வந்தது.

மூடி என்பது உம்மா வைத்த பெயர். வாப்பா அதை 'ஹார்ட் டொப்' என்றுதான் சொல்வார். ஃபைபரில் செய்த கெட்டியான கூரை. பக்கங்களில் கண்ணாடி. வேண்டுமென்றால் மாட்டலாம், வேண்டாமென்றால் கழற்றலாம். கொழும்பிலிருந்து லொறியில் வந்து இறங்கியது. லொறியிலிருந்து இறக்கும்போதே வாப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். கூட்டம் சேர்ந்திருந்தது அல்லவா?

"இது ப்ளேன் செய்யிற சாமான்" என்றார். "உள்ளுக்கு இருந்தா ப்ளேன்ல போற மாதிரியே ஈக்கும்."

வாப்பா ப்ளேனில் போனது ஒரே ஒரு தடவை, மக்காவுக்கு உம்ரா செய்ய. போகும்போதும் தூங்கினார். வரும்போதும் தூங்கினார்.

ஆனால் அவர் சொன்னது ஒரு வகையில் சரியாகத்தான் போனது. மூடி போட்ட பிறகு ஜீப் ப்ளேன் மாதிரித்தான் இருந்தது. உள்ளே உட்கார்ந்து போகிற ப்ளேன் அல்ல. தலைக்கு மேலே பறக்கிற ப்ளேன்.

பாலம் தாண்டி வாப்பா வேகத்தைக் கூட்டியதும் பின்னாலிருந்து, "ஊஊஊ" என்று காற்று ஊளையிட்டது. கூரை, "தட தட தட" என்று அடித்துக்கொண்டது. டயர்களின் சத்தம் முழுவதும் மூடிக்குள் புகுந்து, வெளியே போக வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தது. கதைக்காக அம்னா, உம்மா, அகீல் மூவரும் பின்னால் நசுங்கி உட்கார்ந்திருந்தார்கள். கொழும்பு மூடியில் அழுக்குப் பட்டுவிடக் கூடாது என்பதால் சாய்ந்துகொள்ளவும் வழியில்லை.

இறக்கம் வந்தது. உம்மா வாயைத் திறந்தார். அம்னா காதைக் கிட்டக் கொண்டுபோனாள். உம்மாவின் உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. உம்மா இன்னும் சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். இருமல் வந்தது. கையை ஆட்டி, 'விடு' என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"வாப்பா! சத்தம்!" என்று அம்னா கத்தினாள்.

"என்ன?" என்று வாப்பா முன்னாலிருந்து கத்தினார்.

"ஒரே சத்தம்!"

"சத்தமா? எங்க சத்தம்?" என்று வாப்பா தொண்டை கிழியக் கத்தினார். "எனக்கு ஒரு சத்தமும் கேக்கல்லயே!"

அடுத்த கிழமை அவர் ஒரு வைத்தியம் செய்தார். பெரிய ஸ்பீக்கர் இரண்டு வாங்கிப் பின்னால் பூட்டினார். ரேடியோவைப் போட்டால் சத்தம் தெரியாதாம். அது உண்மைதான். ரேடியோவைப் போட்ட பிறகு வேறு எதுவுமே தெரியவில்லை. அகீல் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு, வத்தேகம வந்ததுகூடத் தெரியாமல் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தான்.

இப்படியே எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் போயின. ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் உம்மா சொன்னார்: "இஞ்ச பாருங்க. இந்தக் கிழமை மட்டும் ஜீப்பில வாறேன். அதுக்குப் பொறகு நான் பஸ்ஸில போறேன். நீங்களும் புள்ளைகளும் ஜீப்பில வாங்க."

"ஜீப் வச்சிக்கிட்டு பஸ்ஸில போறதா? ஊர் என்ன செல்லும்?" என்றார் வாப்பா.

"ஊர் செல்றது பஸ்ஸுக்குள்ள எனக்கு வெளங்கும். ஜீப்புக்குள்ள ஒண்டும் வெளங்காது."

வாப்பா இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார். அம்னா மட்டும் தட்டைத் தள்ளி வைத்தாள். உம்மா பஸ்ஸில், அவர்கள் ஜீப்பில் என்றால், கதை யாருக்கு? ரோட்டில் வளைவுகள் இருக்கும். வளைவுகளுக்குச் சொந்தக்காரி இருக்க மாட்டார்.

மறுநாள் ஸ்கூல் விட்டு வந்ததும் அம்னா அகீலையும் கூட்டிக்கொண்டு ஜீப்புக்குள் ஏறினாள். ஜீப் கடை வாசலில் நல்ல வெயிலில் நின்றது.

"அகீல், ஒரு டொபி தின்னு."

"ஏன் ராத்தா?" என்று கேட்டான் அகீல். டொபியைத் தின்ற பிறகுதான் கேட்டான்.

"எனக்குக் கடதாசி வேணும்."

மூடியும் ஜீப்பின் உடம்பும் சேருகிற இடத்தில் டொபிக் கடதாசியைச் செருகிப் பார்த்தாள். முன்பக்கம் கடதாசி போகவே இல்லை. ரப்பர் இறுக்கமாகப் பிடித்தது. பக்கவாட்டில் கொஞ்சம் போனது. பின்னால் வைத்தாள். கடதாசி வழுக்கிக்கொண்டு வெளியே போய், ரோட்டில் விழுந்தது. குனிந்து பார்த்தால் வெயில் ஒரு கோடாக உள்ளே வந்தது. நான்கு மூலை நட்டுகளில் பின்னால் இருந்த இரண்டையும் அகீலின் குட்டி விரலாலேயே திருப்ப முடிந்தது.

அம்னாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

ஜும்ஆ முடிந்து சனம் வெளியே வரும்போது, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடை வாசலில் ஒரு காட்சி நடக்கும். பக்கத்துப் புடவைக் கடை முனாஸ் ஹாஜியார்தான் தொடங்கி வைப்பார். "மஹ்மூத், கழட்டிக் காட்டுங்களே பாப்பம்!" வாப்பா வேண்டாம் வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டே சட்டைக் கையை மடிப்பார். கடையில் வேலை செய்யும் சின்னமுத்து அண்ணன் மறுபக்கம் பிடிப்பார். ஹாஜியார் கையில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மூடி மேலே எழும்பும். "ரெண்டே நிமிசம்!" என்பார் வாப்பா. "மாஷா அல்லாஹ்!" என்பார்கள் எல்லோரும். பிறகு மூடியைத் திரும்ப வைத்துவிட்டுப் பயணம் புறப்படும்.

முதல் வெள்ளிக்கிழமை மட்டும் அது இரண்டு நிமிடத்தில் வரவில்லை. சுற்றியிருந்த ரப்பர் ஒட்டிக்கொண்டு வெகுநேரம் இழுபட்டது. சிலர் பார்த்துப் பார்த்துச் சலித்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். அன்று பயணம் புறப்படும் முன்பே வாப்பா பின்பக்க ரப்பரை உரித்தெடுத்தார். நட்டுகளையும் பாதி முறுக்கோடு விட்டுவிட்டார். சீக்கிரம் கழற்ற வேண்டுமே!

அம்னா கடைக்குள் ஓடினாள். வாப்பா தனியாகத்தான் இருந்தார்.

"வாப்பா, மூடிக்குப் பின்னுக்கு இடைவெளி ஈக்குது. அதால தான் காத்து ஊளையிடுது."

வாப்பா சிரித்தார். "மகள், இந்த டவுன்ல அரைவாசி ஜன்னலுக்கு ரப்பர் குடுத்தது நான். எனக்கு இடைவெளி காட்டுறீங்களா? அதோட, எனக்கு முன்னுக்கு ஒண்டும் கேக்கல்லயே."

முன்னுக்கு!

அம்னா அப்போதுதான் யோசித்தாள். மூடி போட்ட நாளிலிருந்து வாப்பா ஒருதடவைகூடப் பின்னால் உட்கார்ந்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. வழக்கமான காட்சி நடந்தது. வழக்கமான ஊளையோடு எல்லோரும் வத்தேகமவுக்குப் போனார்கள். சாப்பாடு முடிந்து புறப்படும்போது, "நானும் கட்டுகஸ்தோட்டைக்கு வாறேன் மச்சான். ஒரு வேலை ஈக்குது" என்றார் பஹீம் மாமா.

அம்னா அதற்குத்தான் காத்திருந்தது போல எழும்பினாள். "அப்ப மாமா ஓட்டட்டும். வாப்பா பின்னுக்கு உக்காருங்க."

"நானா? பின்னுக்கா?"

"பெரிய ஆக்கள் எல்லாரும் பின்னுக்குத் தானே வாப்பா போற? மந்திரிமார் யாராவது ஓட்டிக்கிட்டுப் போறாங்களா?"

வாப்பா தாடியைத் தடவினார். அதில் நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டது. தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, மந்திரி மாதிரியே மெதுவாகப் பின்னால் ஏறினார். உம்மா ஒரு பக்கம், அகீல் உம்மாவின் மடியில். அம்னா முன்னால் மாமாவோடு ஏறிக்கொண்டாள். ஏறியதும் ரேடியோவை நிறுத்திவிட்டாள்.

சந்தியைத் தாண்டி ஜீப் வேகமெடுத்தது. அம்னா திரும்பிப் பார்த்தாள். வாப்பா இன்னும் மந்திரியாகத்தான் இருந்தார். ஊளை தொடங்கியது. வாப்பா பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தார். கூரை தடதடத்தது. வாப்பா மேலே பார்த்தார். கையை வைத்து அழுத்திப் பார்த்தார். அழுத்தினால் நின்றது, கையை எடுத்தால் அடித்தது. பின்னாலிருந்து வந்த காற்று அவருடைய தொப்பியைத் தள்ளி மூக்குக்குக் கொண்டுவந்தது. மந்திரி பதவி அத்தோடு போயிற்று.

இறக்கம் வந்தது. உம்மா வெளியே பார்த்தார். ஏதோ ஞாபகம் வந்து அவருடைய முகம் மலர்ந்தது. பழக்க தோஷம், வாப்பாவின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். இரண்டு சொல் சொல்லியிருப்பார். பிறகு சிரிப்பு அப்படியே அணைந்துபோனது. கையை ஆட்டி, 'விடுங்க' என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

வாப்பா உம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் அவர் ஓட்டும்போது கண்ணாடியில் பார்த்ததெல்லாம் கண்ணை மூடிய உம்மாவைத்தான். களைப்பு என்று நினைத்திருந்தார்.

"என்ன செல்ல வந்த?" என்று கத்தினார்.

"ஒண்டுமில்ல!" என்று உம்மாவும் கத்தினார். "தொண்ட நோகுது!"

வீடு வரும்வரை வாப்பா ஒரு கையால் கூரையை அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தார். மற்றக் கை தொப்பியில் இருந்தது.

மறுநாள் காலை அம்னா பல் விளக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஜீப்பின் பின்பக்கத்தில் இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எட்டிப் பார்த்தாள். வாப்பா உள்ளே குப்புறப் படுத்திருந்தார். கையில் டொபிக் கடதாசி. வாயில் டொபி.

"மகள்" என்றார் வாப்பா, வெளியே வராமலே. "இந்தக் கடதாசி ரோட்டுக்குப் போகுது."

"மெய்யாவா வாப்பா?" என்றாள் அம்னா, இப்போதுதான் கேள்விப்படுகிறவள் போல.

வாப்பா தலையை வெளியே நீட்டி அவளுடைய முகத்தை ஆராய்ந்தார். அம்னா மும்முரமாகப் பல்லை விளக்கினாள்.

அன்று கடையைத் திறப்பதற்கு முன்பே வேலை தொடங்கிவிட்டது. வாப்பா கடையிலிருந்த நல்ல ரப்பரில் ஒரு சுருள் எடுத்து வந்தார். அம்னா மூடியின் ஓரத்தைத் துணியால் துடைத்துக் கொடுத்தாள். வாப்பா பசை பூசி ரப்பரை ஒட்டினார். அகீல் டொபி தின்று கடதாசி கொடுத்தான். அந்த வேலையை அவன் தேவைக்கு அதிகமாகவே செய்தான்.

"கூரை அடிக்கிறதுக்கு என்ன செய்ற?" என்று வாப்பா தன்னைத்தானே கேட்டார்.

"நீங்க கைய வச்சு அழுத்தக்கொள்ள நிண்டுச்சு தானே? அப்ப எப்பவும் ஏதாவது அழுத்திக்கிட்டு ஈக்கணும்."

கூரையின் உள்பக்கம் முழுவதும் தடித்த ஸ்பொஞ்ச் ஷீட் ஏறியது. அதன்மேல் துணி ஏறியது. தரையில் கனமான ரப்பர் விரிப்பு. கடைசியில் வாப்பா ஸ்பேனரை எடுத்து நான்கு நட்டையும் மூச்சுப் பிடித்து முறுக்கினார். முறுக்கி முடிந்ததும் கொஞ்சநேரம் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். இனி அதைக் கழற்ற வேண்டுமென்றால் அரை நாள் போகும். ஒட்டிய ரப்பரும் கிழியும்.

"வாப்பா, முனாஸ் ஹாஜியார் கழட்டச் செல்லுவாரே?"

"அதத் தான் நானும் யோசிக்கிறேன்" என்றார் வாப்பா.

அன்று மாலை பாலம் வரை ஓட்டிப் பார்த்தார்கள். ஜீப் ஒரேயடியாக அமைதியாகிவிடவில்லை. ஜீப் ஜீப்தான். டயர் முனகியது, கியர் மாற்றும்போது என்ஜின் கனைத்தது. ஆனால் ஊளை இல்லை, தடதடப்பும் இல்லை. பின்னால் இருந்து அகீல், "எனக்குப் பசிக்குது" என்றான். அது முன்னால் தெளிவாகக் கேட்டது.

உம்மாவிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லி நம்ப வைக்கிற கட்டத்தை உம்மா எப்போதோ தாண்டியிருந்தார். வெள்ளிக்கிழமை அவர் கைப்பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்குச் சில்லறையும் கையில் வைத்துக்கொண்டுதான் கீழே இறங்கி வந்தார்.

"உம்மா, இண்டைக்கு மட்டும் ஏறுங்களே" என்றாள் அம்னா.

"போன கிழமையே கடைசி எண்டு செல்லிட்டேன்."

"சும்மா ஏறி உக்காருங்க. ஜீப் ஓடத் தொடங்கி, ஊளை வந்திச்செண்டா, நானும் உங்களோட பஸ்ஸில வாறேன்."

உம்மா மகளுடைய முகத்தைப் பார்த்தார். ஏறி உட்கார்ந்தார். சில்லறையைக் கையிலிருந்து விடவில்லை.

ஜும்ஆ முடிந்து சனம் வந்தது. அன்று முனாஸ் ஹாஜியார் தனியாக வரவில்லை. வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு பெரிய மனிதரையும் கூட்டி வந்திருந்தார்.

"மஹ்மூத்! இவர் கொழும்பில இருந்து வந்தீக்கிறார். உங்கட ரெண்டு நிமிசத்தப் பத்தித் தான் வழி முழுக்கச் செல்லிக்கிட்டு வந்தேன். கழட்டுங்க பாப்பம்!"

கூட்டம் வட்டமாக நின்றது. சின்னமுத்து அண்ணன் பழக்கப்படி மறுபக்கம் போய், "தூக்கலாமுங்களா முதலாளி?" என்று தயாராக நின்றார். ஹாஜியார் கை மணிக்கூட்டைப் பார்த்தார். கொழும்புப் பெரிய மனிதரும் தன்னுடையதைப் பார்த்தார்.

வாப்பாவின் கை தானாகவே சட்டைக் கையை மடிக்கப் போனது. ஒரு மடிப்பு மடித்தும் விட்டார். அம்னா ஜீப்புக்குள்ளிருந்து கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உம்மா ஒரு பெருமூச்சு விட்டு, இறங்குவதற்காகக் குடையை எடுத்தார்.

வாப்பா குடையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். மடித்த சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டார்.

"இண்டைக்குக் கழட்ட ஏலாது ஹாஜியார்."

"ஏன், இறுகிட்டா?"

"இறுகல்ல. உள்ளுக்கு ஒரு கதை பாதியில நிக்கிது. அது முடியணும்."

கொழும்புப் பெரிய மனிதர் ஹாஜியாரைப் பார்த்தார். ஹாஜியார் சின்னமுத்து அண்ணனைப் பார்த்தார். வாப்பா கூட்டத்துக்கு ஸலாம் சொல்லிவிட்டு, ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்தினார். கதவு, 'டப்' என்று அடக்கமாகச் சாத்திக்கொண்டது.

பாலம் வந்தது. பாலம் போனது. உம்மா ஊளைக்காகக் காத்திருந்தார். ஊளை வரவில்லை. கூரையைத் தொட்டுப் பார்த்தார். ஓரத்து ரப்பரைத் தடவினார். முன்னால் வாப்பாவின் முதுகு ரொம்ப நிமிர்ந்திருந்தது. அது பெருமை நிமிர்வா, பரீட்சை எழுதிய பிள்ளையின் நிமிர்வா என்று சொல்ல முடியாது.

உம்மா சில்லறையைப் பைக்குள் போட்டார்.

"அந்த மேளம்..." என்று தொடங்கினார். அவர் கத்தவில்லை. கத்த வேண்டியிருக்கவில்லை. "மேளம் உருளுது. பரிமளம் பின்னால ஓடுறா. எதிர்ல பாத்தா ஒரு யானை! பெரஹெரா ஊர்வலத்தில போற யானை. பாகன் ஆத்தில குளிப்பாட்டக் கூட்டிக்கிட்டுப் போறான்."

"யானையா!" என்றான் அகீல்.

"மேளம் நேர யானைட காலுக்கிட்டப் போய் நிண்டிச்சு. யானை பாத்திச்சு. டம் டம் சத்தம் கேட்டா அதுக்கு என்ன தெரியும்? பெரஹெரா தொடங்கிட்டெண்டு நெனச்சு, காத ஆட்டிக்கிட்டு அப்பிடியே திரும்பி நடக்கத் தொடங்கிட்டு! பாகன் கத்துறான், அது கேக்கல்ல. பரிமளம் மேளத்தத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடி வாறா. மேளத்துக்குப் பின்னால யானை. யானைக்குப் பின்னால பாகன். பாகனுக்குப் பின்னால..."

"கணக்கு டீச்சரா?" என்று வாப்பா முன்னாலிருந்து கேட்டார்.

"உங்களுக்குக் கேக்குதா?" என்று உம்மா திடுக்கிட்டார்.

"ஒரு சொல்லும் விடாம."

உம்மா சிரித்தார். அம்னாவும் சிரித்தாள். வளைவுக்கு வளைவு யானை நடந்தது, மேளம் நடந்தது, விளையாட்டுப் போட்டிக்குப் போகிற ஸ்கூல் பிள்ளைகள் எல்லோரும் பஸ்ஸை விட்டு இறங்கி ஊர்வலமாகவே நடந்தார்கள். ஜீப்புக்குப் பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தது. வாப்பா ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். அடுத்து ஒரு த்ரீவீலர் முந்தியது. அதற்குப் பிறகு ஒரு சைக்கிளும் முந்தியது.

யானை ஸ்கூல் வாசலுக்கு வந்து, அதிபர் மாலையோடு வெளியே ஓடி வரும் நேரத்தில் பஹீம் மாமாவின் வீடு வந்தது. மாமா கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார்.

வாப்பா மாமாவுக்குக் கையைக் காட்டினார். நிறுத்தாமல் வீட்டைத் தாண்டி, மடுல்கலைப் பக்கமாக மலை ரோட்டில் ஜீப்பை விட்டார்.

"சோறு ஆறிப் போகும்" என்றார் உம்மா.

"ஆறட்டும்" என்றார் வாப்பா. "மாலை யாருக்கு?"